வீடூர் அணையின் 32 அடி

வராக நதியும் தொண்டி ஆறும் கூடுமிடத்தில் 1950களின் இறுதியில் எழுந்த வீடூர் அணையின் முழு உயரம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 1,713 கோடி லிட்டர். பாசனம் 3,200 ஏக்கர். அதில் தமிழ்நாட்டுக்கு 2,200, புதுச்சேரிக்கு 1,000. தூண்டில்காரருக்கு வேண்டிய எண் இதில் இல்லை: எந்த இடத்தில் எத்தனை அடி ஆழம்?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி பொதுவாக 20 மீட்டர். அணையின் 32 அடி 9.75 மீட்டர்தான். இடைவெளியில் பாதிகூட இல்லாத ஆழத்தை அந்தத் தாள் காட்டாது.

ஆனால் நீர் வற்றும்போது ஏரியே தன் வரைபடத்தை வரைகிறது. நீர்மட்டம் 24 அடி என்றால், அன்றைய கரையோரமே 24 அடிக் கோடு. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுட்பத்தில் 5 நாளுக்கொரு படம் எடுக்கின்றன; படங்கள் இலவசம். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைக்கும். ஜனவரி முதல் மே வரை, 151 நாட்களில், சுமார் 30 படங்கள். அந்தக் காலத்தில் மட்டம் 32 அடியிலிருந்து 12 அடிக்கு இறங்கியதாகக் கொண்டால், சராசரியாக 8 அங்குலத்துக்கு ஒரு கோடு கிடைக்கும். மலிவான வழிகளில் இதைவிடத் துல்லியமானதை நான் அறியேன்.

பிழையும் உண்டு. 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் 10 மீட்டர்ப் புள்ளி ஒன்றின் உயரப் பிழை 10 சென்டிமீட்டர். 5-க்கு 1 என்ற செங்குத்துச் சரிவில் அது 2 மீட்டர். கரைக்கட்டை ஒட்டிய கோடுகளை அவ்வளவாக நம்பக் கூடாது.

இந்தக் கோடுகள் எந்த மீனுக்கு உதவும்? மூவகைக் கெண்டை வளர்ப்பில் கட்லா, ரோகு, மிருகால் விடும் விகிதம் 4:3:3. கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிருகால் அடிமட்டம். அணையில் இதே விகிதம் இருக்கும் என்பதில்லை. இருந்தால், ஆழக் கணக்கு நேரடியாக உதவுவது 10-இல் அடிமட்டத்து 3 மீனுக்கு. விராலுக்குத் தேவை புல் மண்டிய ஆழமற்ற ஓரம். படங்கள் தெளிவாகக் காட்டுவதும் அதையே.

கிழக்கே மரக்காணம் அருகிலுள்ள கழுவேலி ஈரநிலத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 5,151.6 ஹெக்டேர் கொண்ட அது 2021-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது எல்லைக்கோடு.

வீடூரில் 12 அடிக்குக் கீழே நீர் மூடியிருக்கும் தரையைச் செயற்கைக்கோள் காணாது. ஸ்காட்லாந்தில் 1897 முதல் 1909 வரை 562 ஏரிகளில் சுமார் 60,000 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். ஏரிக்கு 107 இடம். இங்கும் அனுமதியோடு ஒரு பரிசலும், ஈயக்குண்டு கட்டி அடிக்கு அடி குறியிட்ட கயிறும் இருந்தால் அதேபோல் 107 இடங்களை அளந்துவிடலாம்.