பாட்டி தலையில் பழி!

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். கொரோனா உக்கிரமாகப் பரவிக்கொண்டிருந்த சமயம். அமெரிக்காவில் நியூஜெர்ஸி ராஜ்யத்தின் கவர்னர் பில் மர்ஃபி, தொண்டு செய்ய வைத்தியத் துறையினரை அழைத்தார். கூடவே, கோபால் தெரிந்தவர்களும் வேண்டும் என்றார்!

அடுத்த வீட்டுக் கோபாலனை அனுப்பிவிடாதீர்கள். வங்கிகளிலும் சர்க்கார் காரியாலயங்களிலும் மலைமலையாகக் கணக்குப் போடும் 'மெயின்ஃபிரேம்' என்ற பெரிய கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் பாஷை அது. 1959-ல் உருவாகத் தொடங்கியது. அப்படி ஒரு பொதுப் பாஷை வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர் மேரி ஹாஸ் என்ற பெண்மணி. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முன்பே உருவாக்கியிருந்த பாஷை ஒன்று அதற்கு வழிகாட்டியாயிற்று. 'கூட்டு', 'பெருக்கு' என்று சாதாரண இங்கிலீஷ் வார்த்தையிலேயே யந்திரத்தை ஏவலாம். (வீட்டைப் பெருக்காது, கணக்கைத்தான் பெருக்கும்!)

கவர்னருக்கு என்ன அவசரம்? வேலை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் உதவித்தொகைக்கு மனுப் போட்டார்கள். பலருக்குப் பணம் வந்து சேரவில்லை. வீட்டு வாடகை காத்திருக்குமா? குழந்தையின் பசிதான் காத்திருக்குமா? நாற்பது வயது தாண்டிய பழைய கம்ப்யூட்டர் ஏற்பாட்டின் மேல் பழி விழுந்தது.

கம்ப்யூட்டர் சரித்திரத்தை ஆராயும் மார் ஹிக்ஸ் பிற்பாடு வேறு விதமாக எழுதினார். தடுமாறியது உள்ளே இருந்த கோபால் அல்ல. மனுக்களை வாங்க முன்னால் வைத்திருந்த புதிய வலைத்தளமே என்றார். கல்யாணக் கூட்டத்தில் அடைத்துக்கொண்டது வாசற்கதவு. திட்டு வாங்கியது சமையலறைப் பாட்டி!

உண்மையில் யந்திரம் தளர்ந்துவிடவில்லை. 1964-ல் 'சிஸ்டம் 360' என்ற வரிசையை அறிமுகப்படுத்திய ஐ.பி.எம். கம்பெனி, 2022-ல் 'இஸட் 16' என்ற மாடலைக் கொண்டு வந்தது. பணம் கைமாறும் கணத்திலேயே, அதில் மோசடி உண்டா என்று பார்க்கும் செயற்கை அறிவு அதற்குள் இருக்கிறது.

பின் என்னதான் குறை? பாட்டியின் ஆவக்காய்க்கு அளவு கேட்டுப் பாருங்கள். "எல்லாம் கைத்திட்டம்தாண்டி!" என்பாள். பல காரியாலயங்களில் கதை இதுதான். எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். எந்த வரி எதற்காக என்று குறிப்பு இல்லை. சட்டம் மாறினால் ஒரு வரியைத் திருத்தவும் கை நடுங்குகிறது.

ஆகவே இனி வேண்டிய முன்னேற்றங்கள் மூன்று. பழைய உத்தரவுகளுக்குத் தெளிவான விளக்கம் எழுதவேண்டும். கூட்டம் வருமுன்பே, வாசலையும் உள்ளையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். இளைஞர்களைப் பழக்கவேண்டும். 2020-லேயே இலவசக் கோபால் பாடங்கள் தொடங்கின. பழைய கோபாலைப் படித்து வேறு பாஷையில் பெயர்த்துத் தரச் செயற்கை அறிவும் வந்திருக்கிறது. ஆனால் ஒரு சல்லி பிசகினாலும் யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு எரியாது. சரிபார்க்க, விஷயம் தெரிந்த மனிதர் வேண்டும்.

புது யந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். கைத்திட்டத்தை வாங்க முடியுமா? பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், இல்லையா?