ஆய்ந்தறிந்த மக்கள் கருத்து: ஜேம்ஸ் ஃபிஷ்கினின் ஆய்வுப்பணி

பொதுக்கருத்துக் கணிப்பு உண்மையில் எதனை அளக்கிறது என்னும் வினாவே அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிஷ்கினின் ஆய்வுப்பணிக்கு அடிப்படையாகும். உறுதியான கருத்து இல்லாதோரும் கணிப்பாளரிடம் ஏதேனும் ஒரு விடை கூறிவிடுவர் என்பதனை ஃபிலிப் கான்வர்ஸ் 1964இல் சுட்டினார். அவ்விடைகளை மக்கள் கருத்து எனக் கொள்ளலாமா?

இச்சிக்கலுக்குத் தீர்வாக ஃபிஷ்கின் 1988இல் முன்வைத்தது 'கலந்தாய்வுக் கணிப்பு' என்னும் முறை. சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த குடிமக்களிடம் முதலில் கருத்துக் கேட்கப்பெறும். பின்னர், எல்லாத் தரப்பு வாதங்களையும் நடுநிலையாகத் தொகுத்த குறிப்பேடு வழங்கப்பெறும். அவர்கள் ஓரிடத்தில் கூடி, நெறியாளர் துணையுடன் சிறு குழுக்களாக விவாதிப்பர், வல்லுநர்களிடம் வினவுவர். இறுதியில் அதே வினாக்கள் மீண்டும் கேட்கப்பெறும். இருமுறை பெற்ற விடைகளுக்கு இடையிலான வேறுபாடே ஆய்வுப்பொருள்.

1994இல் மான்செஸ்டரில், குற்றங்கள் குறித்த கணிப்பில் இம்முறை முதன்முதலாகச் செயற்படுத்தப்பட்டது. அரசியலமைப்புத் திருத்தத்திற்கு முன் இத்தகைய கணிப்பு நடத்தப்பெற வேண்டும் என மங்கோலியா 2017இல் சட்டமியற்றியது. அவ்வாண்டு அங்குக் கூடியோர் 669 பேர். நாடாளுமன்றத்தில் இரண்டாம் அவை அமைக்கும் முன்மொழிவுக்கு இருந்த ஆதரவு, கலந்தாய்வுக்குப் பின் பெரிதும் குறைந்தது.

ஒத்த கருத்தினர் கூடி விவாதித்தால் தீவிர நிலைக்கே நகர்வர் எனக் காஸ் சன்ஸ்டீன் எச்சரித்தார். குழுவின் பன்மை, நெறியாளர், நடுநிலைக் குறிப்பேடு ஆகியன அப்போக்கைத் தடுக்கும் என்பது ஃபிஷ்கினின் மறுமொழி.

ஆயினும், கற்றுத் தெளிந்த சில நூற்றுவரின் முடிவை, அவ்வாய்ப்பைப் பெறாத பெரும்பான்மையோர் தம் கருத்தாக ஏற்பரா? இம்முறையின் மக்களாட்சித் தகுதி இவ்வினாவுக்கான விடையைப் பொறுத்தே அமையும்.