பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கண்ணாடி ஏறத் தயங்குவது ஏன்?

1996-இல் அறிமுகமான இரு கதவு புரோட்டோன் புத்ரா போன்ற கார்களை இன்றும் ஆசையோடு பராமரிப்போர் உண்டு. இத்தகைய கார்களில் அடிக்கடி தலைகாட்டும் கோளாறு ‘பவர் விண்டோ’ மெதுவாக ஏறுவது. கதவு நீளமாக இருப்பதால் கண்ணாடியும் பெரியது. மோட்டாருக்குச் சுமை அதிகம்.

சபாக் வட்டாரத்தில் இக்கோளாறுக்குக் காரணங்கள் பல. செம்பனைத் தோட்டச் சாலைகளின் புழுதி கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் படிகிறது. வெயிலில் ரப்பர் இறுகிவிடுகிறது. மலாக்கா நீரிணையின் உப்புக் காற்றும் ஈரமும் வயர் இணைப்புகளைப் பச்சை பூக்கச் செய்கின்றன.

எடுத்த எடுப்பிலேயே மோட்டாரை மாற்றுவது வீண்செலவு. முதலில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். அப்போது வேகமாகவும், நிறுத்தியபின் மிக மெதுவாகவும் ஏறினால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, ரப்பர் பள்ளத்தைத் துடைத்து சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கலாம். இன்ஜின் எண்ணெயோ கிரீஸோ பூசக்கூடாது. அவை ரப்பரைக் கெடுப்பதோடு புழுதியையும் ஒட்டவைக்கும். இதில் வேகம் கூடினால் கோளாறு அங்கேதான்.

கூடாவிட்டால் கதவின் உட்பலகையைக் கழற்றி, கண்ணாடி ஏறும்போதே மோட்டார் முனையில் வோல்ட் அளக்க வேண்டும். 10 ஆம்பியர் ஓடும் வயரில் 0.3 ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் வீணாகிறது. 12 வோல்ட்டில் கால்பங்கு போய்விட்டால் மோட்டார் தளரத்தான் செய்யும். சுவிட்ச் முனைகள், எர்த் இணைப்பு, கதவு மடியும் இடத்து வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வோல்ட் சரியாக இருந்து, மோட்டாரைக் கழற்றியபின் கண்ணாடி கையால் எளிதாக நகர்ந்தால், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாரைக் கழற்றுமுன் கண்ணாடியை டேப்பால் கட்டிவைப்பது அவசியம். நழுவினால் விரல் நசுங்கும்.

இதைச் சின்னக் கோளாறு என்று ஒதுக்கிவிடக்கூடாது. இவ்வட்டாரத்தில் வயல் சாலைகள் பல நீர்ப்பாசன வாய்க்காலை ஒட்டியே செல்கின்றன. கார் நீரில் விழுந்தால் கதவோடு போராடாமல், சீட் பெல்ட்டைக் கழற்றி, உடனே கண்ணாடியை இறக்கி வெளியேற வேண்டும். நீர் கண்ணாடி வரை ஏறிவிட்டால் அதன் அழுத்தம் கண்ணாடியை இறங்கவிடாது. அந்த ஒரு நிமிடத்தில் தயங்கும் கண்ணாடி உயிருக்கே ஆபத்து.