பறக்கும் கடற்பறவையைப் படம் பிடித்தல்

மாணவர்களே, மணலில் அமர்ந்திருக்கும் கடற்காகத்தைப் படம் பிடிப்பது எளிது. அது சிறகை விரித்த பின்னரே நம் கல்வி தொடங்குகிறது. நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு காமிராவை வாங்கிக்கொண்டு தனுஷ்கோடிக் கரைக்குச் சென்றேன். முதல் நாள் எடுத்த படங்களுள் பெரும்பாலானவற்றில் வெறும் வானமே இருந்தது. சிலவற்றில் வால் மட்டும் இருந்தது. எஞ்சியவற்றில் பறவை வெள்ளைக் கறையாகத் தெரிந்தது.

காரணம் எளிய கணக்கில் அடங்கும். பறவை வினாடிக்கு 10 மீட்டர் விரைவில் நமக்குக் குறுக்கே செல்வதாகக் கொள்வோம். காமிராவின் ஷட்டர் 1/60 வினாடி திறந்திருப்பின், அதற்குள் பறவை ஏறக்குறைய 17 செ.மீ. நகர்ந்துவிடும், 1/2000 வினாடியாயின் அரை செ.மீ. தான். சிறகின் நுனியோ உடலினும் விரைந்து அசைவது. ஆகவே ஷட்டரை விரைவாக்குதல் முதற்படி. அது மட்டும் போதாது. பறவை செல்லும் விரைவிலேயே நாமும் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பொத்தானை அழுத்திய பின்னும் திரும்புவதை நிறுத்தலாகாது. பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் மாரே 1882ஆம் ஆண்டில் துப்பாக்கி வடிவில் ஒரு காமிராவைச் செய்தார். அது வினாடிக்கு 12 படங்கள் எடுத்தது. தோளில் தாங்கிப் பறவையோடு சேர்ந்து திரும்ப அவ்வடிவம் எவ்வளவு பொருத்தம் என்பதைக் கழுத்து வலித்தவனே அறிவான்!

வெள்ளைக் கறைக்குக் காரணம் வேறு. காமிராவின் ஒளிமானி கருங்கடலைக் கண்டு ஒளியைக் கூட்டும், வெண்பறவை வெளிறிப்போகும். வெளிச்சமான வானைக் கண்டு ஒளியைக் குறைக்கும், பறவை கறுத்துப்போகும். எனவே பறவையின் வெண்மைக்கு ஏற்ற அளவை நாமே கையால் அமைத்துவிடுதல் நலம்.

பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். காற்றும் கதிரவனும் நம் முதுகுப்புறம் இருப்பின் அவை நம்மை நோக்கியே வரும். மார்கழி, தை மாதக் காலைகளில் தனுஷ்கோடியில் இரண்டும் பெரும்பாலும் கிழக்குப் புறத்திலிருந்தே வருவது நமக்கு நல்வாய்ப்பு.

இவ்வளவும் கற்ற பின்னும் ஒரு தவறு செய்தேன். கூட்டமாக அமர்ந்திருந்த பறவைகளை எழுப்புவதற்காகக் கைதட்டினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "ஐயா, அதுக ராவெல்லாம் அலைஞ்சு இப்பத்தான் உக்காந்திருக்கு. ஏன் வெரட்டுறீங்க?" என்றார். ஐம்பது பிள்ளைகள் முன்னிலையில் பிடிபட்ட மாணவனைப் போல நின்றேன். அவர் கூறியது உண்மையே. அவற்றுள் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் மத்திய ஆசியாவின் மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கரைக்குக் குளிர்காலம் கழிக்க வருபவை. ஓய்வு வேளையில் வீணே எழும் ஒவ்வொரு முறையும் அவை தேடிய உணவில் ஒரு பங்கு கரைகிறது.

பறவையை எழுப்பாமல் படம் எடுக்கும் வழியையும் அவரே காட்டினார். கரைவலை இழுக்கும் வேளையில் வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பறவைகள் தாமே வந்து தலைக்குமேல் வட்டமிடும். காமிராவை அதற்குச் சற்று முன்னரே தோளுக்கு உயர்த்திவிட வேண்டும். மடி மணலேறிவிட்டால் அவை மீனுக்காகத் தரையிறங்கிவிடும்.