இயற்கையிடம் கற்று வீட்டை அமைப்போம்

கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கல்வீடு கிடைத்ததும், அதன் உட்பக்கத்தையும் அழகாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் அது எங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வன்னிக் கிராமமொன்றில் நான் சந்தித்த அக்கா கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டு வேலை முடிந்த கையோடு தவணைக்கு ஒரு பளபளப்பான அலுமாரி வாங்கினார். அடுத்த மாரியில் தரை ஈரமாகி அலுமாரியின் அடிப்பாகம் ஊறி வீங்கியது. கதவு சாத்த முடியவில்லை. "அலுமாரி பழுதாப் போச்சு தங்கச்சி, கடன் மட்டும் அப்பிடியே நிக்குது" என்றார்.

அந்த அலுமாரி முழு மரத்தால் ஆனதல்ல. மரத்தூளையும் மரச்சீவலையும் பசை கலந்து அழுத்திச் செய்யும் பலகை அது. ஈரம் பட்டால் தூள் ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. இத்தகைய பசைகளில் பெரும்பாலும் போமல்டிஹைட் என்ற இரசாயனம் உண்டு. புதுத் தளபாடத்தின் காரமான மணத்துக்கும் கண் எரிவுக்கும் இது ஒரு காரணம். இது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. ஒரு அலுமாரி வாங்கியதால் நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வெக்கையும் ஈரமும் கூடக்கூட இந்த வாயு அதிகம் வெளியேறும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் பிள்ளைகள் உறங்கும்போது கவனம் தேவை.

இதற்கு மாற்று வழி உண்டா? உலகின் சில இடங்களில் விடையை இயற்கையிடமே தேடியிருக்கிறார்கள்.

சிப்பியின் பசை

அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில், அலை ஓயாமல் அடித்தும் பாறையை விட்டு நழுவாத சிப்பிகளைக் கவனித்தார் கைசாங் லீ என்ற பேராசிரியர். தண்ணீருக்குள்ளேயே அவற்றைப் பிடித்து வைத்திருப்பது சிப்பி சுரக்கும் ஒருவகைப் புரதம். அதே தன்மையைச் சோயா மாவின் புரதத்துக்குக் கொடுத்து அவர் ஒரு பசையை உருவாக்கினார். போமல்டிஹைட் சேர்க்காத இப்பசையைக் கொண்டு 2005 அளவில் அங்குள்ள நிறுவனமொன்று ஒட்டுப்பலகை செய்யத் தொடங்கியது. உறுதியாக ஒட்டுவதற்கு நஞ்சு தேவையில்லை என்பது சிப்பி தந்த பாடம்.

காட்டுத் தரை

இன்ரபேஸ் என்ற அமெரிக்கக் கம்பள நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் காட்டுக்குள் சென்று தரையைப் பார்த்தார்கள். சருகும் கல்லும் கிடக்கும் அந்தத் தரையில் எந்த இரண்டு இடமும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் முழுவதும் பார்க்கும்போது அழகாக இருந்தது. இதை வைத்து, ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் கம்பளத் துண்டுகளை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எந்தப் பக்கமாகவும் விரிக்கலாம். ஒன்று கறைபட்டால் அதை மட்டும் மாற்றலாம். புதிய துண்டு வேறாகத் தெரியாது. ஒரு பகுதி பழுதானால் முழுவதையும் எறியத் தேவையில்லை என்பது காடு தந்த பாடம்.

கறையான் புற்று

சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996 இல் திறக்கப்பட்ட ஈஸ்ற்கேற் கட்டடத்தை, கறையான் புற்றை மனதில் வைத்து மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். வழக்கமான குளிரூட்டி அங்கில்லை. பகல் வெப்பத்தைத் தடித்த கொங்கிறீற் உள்வாங்கிக்கொள்ளும். இரவில் குளிர்காற்று உள்ளே செலுத்தப்பட்டு அந்த வெப்பம் மேலுள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறும். உண்மைப் புற்றுக்குள் காற்று அசையும் விதம் அவர் நினைத்ததிலிருந்து வேறுபட்டது எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. ஆயினும் கட்டடம் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

எங்கள் இரவுகள் ஹராரே அளவுக்குக் குளிர்வதில்லை. ஆனால் சூடான காற்று மேலே எழும் என்பது இங்கும் ஒன்றே. கூரைக்குக் கீழே சுவரின் உச்சியில் துவாரங்கள் விட்டால் வெக்கை வெளியேறும். தகரத்துக்குக் கீழே ஓலைப்பாயைத் தட்டியாகக் கட்டினால் தகரத்தின் சூடு நேரே எங்கள்மேல் இறங்காது. அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் மட்டும் ஓலை வேண்டாம்.

எங்கள் முற்றத்துப் பனை

இந்த மூன்று பாடங்களையும் எங்கள் பாட்டிமார் அறிந்திருந்தனர். பனையோலைப் பாயிலும் கடகத்திலும் பசையே இல்லை. பின்னலே பிடித்து வைக்கிறது. கடகத்தின் விளிம்பு கிழிந்தால் விளிம்பை மட்டும் நார் வைத்துப் பொத்துவார்கள். உக்கிப்போனால் மண்ணுக்கே பசளை.

பழைய பாயோடு இருந்துவிடுங்கள் என்று வறிய பெண்களுக்குச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வசதியுள்ளவர்கள் வரவேற்பறையில் வைக்க இப்போது ஓலைப் பெட்டியையும் தும்பு விரிப்பையும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அவற்றைப் பின்னத் தெரிந்த கைகள் எங்களுடையவை. 1978 முதல் பனை அபிவிருத்திச் சபையும் இயங்கி வருகிறது. பின்னுகிற பெண் தன் உழைப்பு நேரத்தையும் கணக்கில் சேர்த்து விலை சொல்லப் பழக வேண்டும்.

வாங்குமுன் கேளுங்கள்

வீட்டுக்கு ஒரு பொருள் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். எங்கள் மாரியைத் தாங்குமா? ஒரு பகுதி பழுதானால் ஊரிலேயே திருத்த முடியுமா? கடன் முடியும் வரைக்கும் பொருள் உழைக்குமா?

தூள்பலகைத் தளபாடத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். நான்கு செங்கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். வெட்டு விளிம்புகளுக்கு வர்ணம் பூசுங்கள். புதிதாயின் சில நாட்கள் கதவுகளைத் திறந்து, காற்றுப்பட விடுங்கள்.

அந்த அக்காவின் வீட்டுக்கு அண்மையில் மீண்டும் போனேன். வீங்கிய அடிப்பலகையைக் கழற்றிவிட்டு, வேப்பம் பலகை பொருத்திச் செங்கல் மேல் வைத்திருந்தார். அலுமாரிக்கு மேலே அவரே பின்னிய இரண்டு ஓலைப் பெட்டிகள். "மற்றதை வித்திட்டன் தங்கச்சி, இந்த மாசத் தவணைக்கு" என்றார். வீடும் அழகாகத்தான் இருந்தது.