பனிக்கரடிக்கு எது நல்ல இடம்?

மிருகக்காட்சிசாலையில் பனிக்கரடி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். சிமெண்டைக் குழைத்துப் பனிப்பாறை மாதிரி அடுக்கி, மேலே வெள்ளைச் சாயம் பூசியிருப்பார்கள். நடுவில் நீல நிறத் தரையோடு ஒரு குளம். பார்த்ததும் நமக்கே ஜில்லென்று இருக்கும். "பாரு, அதோட ஊரு மாதிரியே கட்டிக் குடுத்திருக்காங்க" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அடுத்த விலங்கைப் பார்க்க நகர்ந்துவிடுவோம்.

அந்த வெள்ளை நம் கண்ணுக்காகப் பூசியது. கரடிக்கு அது காலுக்குக் கடினமான ஒரு தரை, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தின் தொடக்கம் ஜெர்மனியில் இருக்கிறது. ஹாம்பர்க் நகரை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் 1907-ல் ஒரு விலங்குப் பூங்காவைத் திறந்தார். இரும்புக் கம்பிகளை எடுத்துவிட்டு, செயற்கைப் பாறைகளையும் பார்வைக்குத் தெரியாத அகழிகளையும் வைத்தார். கடல்நாயும் பனிக்கரடியும் ஒரே பனிப்பிரதேசத்தில் வாழ்வதுபோல் தோன்றும். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே திட்டமிட்டு அமைக்கப்பட்டது பார்ப்பவருக்கான காட்சி. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் பல இடங்களில் அந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இரண்டு இடங்களை எப்படி ஒப்பிடுவது? கரடியின் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அதன் கால், மூக்கு, கண், ரோமம், அது குட்டி போடும் விதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், எது நல்ல இடம் என்பது நமக்கே புரிந்துவிடும்.

முதலில் பரப்பளவு. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்ட விதிகள் இரண்டு பனிக்கரடிகளுக்குக் கட்டாயமாகக் கேட்கும் உலர்ந்த நிலம் 400 சதுர அடி. ஒற்றைப் படுக்கையறை கொண்ட ஒரு சின்ன வீட்டின் அளவு. குளத்துக்கு 96 சதுர அடி பரப்பும் 5 அடி ஆழமும் இருந்தால் போதும். வளர்ந்த ஆண் கரடி ஐந்நூறு கிலோவைத் தாண்டக்கூடியது. பின்னங்காலில் நிமிர்ந்தால் இரண்டு ஆள் உயரத்தை நெருங்கும். அந்தக் குளத்தில் அது உடம்பை நனைக்கலாம், நீந்த முடியாது.

இதோடு கனடாவின் மானிட்டோபா மாகாணத்தை வைத்துப் பாருங்கள். பனிக்கரடிகளுக்குப் பேர்போன சர்ச்சில் என்ற சிற்றூர் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து போன சில கரடிகள் எப்படியோ ஒரு சர்க்கஸில் போய்ச் சேர்ந்தன. 2001-ல் அந்த சர்க்கஸ், ஏழு பனிக்கரடிகளோடு, வெயில் கொளுத்தும் போர்ட்டோ ரிக்கோ தீவில் முகாமிட்டிருந்தது. செய்தி பரவி பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2002-ல் மானிட்டோபா தனிச் சட்டமே கொண்டுவந்தது: எங்கள் கரடி வேண்டுமென்றால் இரண்டு கரடிக்குக் குறைந்தது 500 சதுர மீட்டர் நிலம் வேண்டும், கூடுதலாக வரும் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 150, அதில் 125 சதுர மீட்டர் மண், புல், வைக்கோல் போன்ற மெத்தென்ற தரையாக இருக்க வேண்டும், குளத்தின் ஆழம் 9 அடி. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,400 சதுர அடி, சென்னைக் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளின் சங்கமும் பிறகு இந்த அளவையே தன் கையேட்டில் எடுத்துக்கொண்டது. ஆக, ஒரே நாட்டில் அரசு விதி கேட்பதைப்போல் பதிமூன்று மடங்குக்கு மேல் சங்கம் கேட்கிறது. "சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டப்படி என்று கேட்பது நல்லது.

இந்த இரண்டேகால் கிரவுண்டும் கரடிக்குப் பெரிதல்ல. 2003-ல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கூண்டில் வாழும் பல ஊனுண்ணி விலங்குகளை ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். காட்டில் எந்த விலங்கு அதிக தூரம் அலைகிறதோ, அதுவே கூண்டில் அதிகமாக நிம்மதியிழந்து நடக்கிறது, அதன் குட்டிகளே அதிகம் சாகின்றன என்று கண்டார்கள். அந்தப் பட்டியலின் கடைக்கோடியில் இருந்தது பனிக்கரடி. வழக்கமாக அதற்குக் கிடைக்கும் இடம், காட்டில் அது உலவும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது அவர்கள் கணக்கு. இந்த எண்ணைப் படித்தபின் எந்த மிருகக்காட்சிசாலை 'விசாலமானது' என்று தன்னைச் சொல்லிக்கொண்டாலும் எனக்கு உடனே நம்பிக்கை வருவதில்லை.

அந்த 'நிம்மதியிழந்த நடை' எப்படி இருக்கும்? வெளிநாட்டுப் பயணம் ஒன்றில் ஒரு பனிக்கரடியின் முன்னால் இருபது நிமிடம் நின்றேன். சுவரை ஒட்டி ஏழு அடி நடந்தது. ஏழாவது அடியில் கழுத்தை இடப்பக்கமாகச் சுழற்றி, தலையைத் தூக்கி, திரும்பியது. மறுபடி ஏழு அடி. திரும்பும்போது இடது முன்னங்கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் வழவழப்பாகத் தேய்ந்து, கலர் மாறியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் "வாக்கிங் போகுது" என்று சிரித்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் கஸ் என்றொரு பனிக்கரடி இருந்தது. 1994-ல் அது உலகச் செய்தி ஆனது. குளத்தில் எட்டு வடிவத்தில், மணிக்கணக்கில், நாள் தவறாமல் நீந்திக்கொண்டே இருந்தது. விலங்கு நடத்தை நிபுணர் ஒருவரை அழைத்தார்கள். அவர் பேச்சைக் கேட்டு, கானாங்கெளுத்தி மீனைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துப் போட்டார்கள். கோழியைத் தோலில் சுற்றிக் கொடுத்தார்கள். உணவைத் தேடி, உடைத்து, கிழித்து எடுக்கும் வேலை அதற்குக் கிடைத்தது. நீச்சல் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. 2013-ல் கஸ் இறந்துபோனது. நீந்துவது பனிக்கரடிக்கு இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான், எங்காவது போவதற்காக நீந்தும்போது.

இடம் பெரிதாக்க முடியாதபோது என்ன செய்யலாம் என்பதற்கும் விடைகள் இருக்கின்றன. வட அமெரிக்காவில் 20 மிருகக்காட்சிசாலைகளில் இருந்த 55 பனிக்கரடிகளைப் பார்த்து 2013-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தன் எல்லைக்கு வெளியே எட்டிப் பார்க்க முடிந்த கரடிகள் குறைவாகவே நடையாய் நடந்தன. வேலை கொடுக்கும் பொருட்கள் அடிக்கடி கிடைத்தவையும், கூடத் துணை இருந்தவையும் அப்படியே. பள்ளத்துக்குள் இறக்கி, நாலு பக்கமும் சுவர் எழுப்பிய இடம் எவ்வளவு பெரிதானாலும் கரடிக்குக் கிணறுதான். ஒரு மேடு இருந்து, அதில் ஏறி நின்றால் தூரத்து மரமோ சாலையோ தெரியுமானால், அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. சிகாகோவின் லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு பனிக்கரடிகளுக்கு, பகலில் பூட்டியே வைத்திருக்கும் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். வேண்டுமானால் உள்ளே போகலாம், வேண்டுமானால் வெளியே இருக்கலாம். அவ்வளவே மாற்றம். நடையாய் நடப்பது குறைந்தது, ஒன்றோடொன்று விளையாடுவது கூடியது. புதிதாகச் செங்கல் ஒன்றுகூட வைக்கவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தால் கரடி உள்ளே போய்ப் படுத்துவிடும், பார்வையாளர்கள் "ஒண்ணுமே தெரியல" என்று முணுமுணுப்பார்கள். அதனால்தான் பல இடங்களில் பகலில் அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. காலியாகத் தெரியும் ஓர் இடத்தின் முன் நின்று நாம் எரிச்சல்படாமல் இருந்தால், அதுவே கரடிக்கு நாம் செய்யும் உதவி.

மூக்கைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. பனிக்கரடிகள் பாதத்தின் வாசனையால் ஒன்றுக்கொன்று செய்தி விட்டுச் செல்கின்றன என்று சான் டியேகோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பரந்த பனியில் ஒன்றையொன்று தேட அதுதான் வழி. தினமும் காலையில் குழாயை வைத்துப் பீய்ச்சி, மருந்து போட்டுக் கழுவும் சிமெண்ட் தரையில் எந்த வாசனையும் தங்காது. நமக்குச் சுத்தமாகத் தெரிவது அதற்கு வெறுமை. மண்ணும் புல்லும் மரத்தூளும் வாசனையைப் பிடித்துவைக்கும். தோண்டவும் புரளவும் இடம் கொடுக்கும். பாதம் புண்ணாகாது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஆழம் வேண்டும், முடிந்தால் உப்பு வேண்டும். இது கடல் விலங்கு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வைல்ட்லைஃப் பார்க்கில் 2014-ல் பனிக்கரடிகளுக்குத் திறந்த இடம் சுமார் 10 ஏக்கர், அங்குள்ள ஏரியின் ஆழம் 8 மீட்டர். அடியில் மூழ்கி, காணாமல் போய், வேறு பக்கம் எழலாம்.

இனி வெப்பம். இதில் நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. சிங்கப்பூருக்குப் போன தமிழர்களில் பலர் இனுகாவைப் பார்த்திருப்பார்கள். 1990 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையில் பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. அதன் வாழ்நாளில் பனி என்பது பராமரிப்பாளர் கொண்டுவந்து கொட்டும் ஐஸ்தான். 2004-ல் இனுகாவும் அதன் தாய் ஷீபாவும் பச்சை நிறமாகிப்போயின. பனிக்கரடியின் ரோமம் வெள்ளையல்ல; நிறமற்றது, உள்ளே குழல்போல் வெற்றிடம் கொண்டது. ஈரமும் சூடும் சேர்ந்ததில் அந்தக் குழலுக்குள் பாசி பிடித்துவிட்டது. மருந்து போட்டு வெளுத்தார்கள். 2013-ல் இனுகாவுக்குக் குளிரூட்டிய பகுதியோடு சுமார் 1,400 சதுர மீட்டரில் புதிய இடம் கட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர்கள் அன்போடு பார்த்துக்கொண்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018 ஏப்ரல் 25 அன்று, 27 வயதில், முதுமை நோய்கள் முற்றிப்போய், வலியில்லாமல் உயிர்விடச் செய்தார்கள். இனிமேல் பனிக்கரடி வளர்ப்பதில்லை என்று அந்த மிருகக்காட்சிசாலை முடிவு எடுத்திருந்தது.  அந்த முடிவை மதிக்கிறேன்.

வெயிலே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. சர்ச்சிலில் கோடையில் 25 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அங்கே கரடி என்ன செய்கிறது? மண்ணைத் தோண்டி, அடியில் உறைந்து கிடக்கும் தரையில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்கிறது. அல்லது கடலில் இறங்குகிறது. தோண்ட மண், ஒதுங்க நிழல், இறங்கக் குளிர்ந்த நீர், எப்போது எது என்று தீர்மானிக்கும் உரிமை, இந்த நான்கும் இருந்தால் கோடையைத் தாங்கும். ஆண்டு முழுவதும் புழுக்கமான ஊரில் இது கைகூடாது. குளிரூட்டிய அறையை மட்டும் நம்பினால் சீனத்தின் குவாங்சோ வணிக வளாகத்தில் 2016-ல் நடந்ததுதான் நடக்கும். பீட்சா என்று பேரிட்ட ஒரு பனிக்கரடியைக் கடைகளுக்கு நடுவே வானம் தெரியாத அறையில் வைத்திருந்தார்கள். குளிர் இருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் படமெடுக்கும் கூட்டமும் இருந்தது. உலகம் முழுவதும் இருந்து எதிர்ப்பு வந்தபின் அதே ஆண்டு நவம்பரில், சீரமைப்பு வேலை முடியும் வரைக்குமாக, அதை அது பிறந்த இடத்துக்கு அனுப்பினார்கள். ஹார்பின் நகரில் 2021-ல் ஓர் ஓட்டல் திறந்தார்கள். எந்த அறையில் தங்கினாலும் ஜன்னலுக்கு அப்பால் பனிக்கரடி தெரியும், இரவும் பகலும். ஒளிய இடமில்லாத ஓர் உயிரின் இரவு எப்படி இருக்கும் என்று அதைக் கட்டியவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும்.

ஒரே கரடி இரண்டு இடங்களிலும் வாழ்ந்து காட்டிய கதையும் இருக்கிறது. மெர்சிடிஸ் என்ற பெண் கரடி சர்ச்சிலில் ஊருக்குள் நுழைந்துகொண்டே இருந்ததால் சுடப்படும் நிலைக்கு வந்தது. 1984-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் கால் நூற்றாண்டு பழைய பாணி சிமெண்ட் தரையில் கழிந்தது. 2009 அக்டோபரில் அதை வடக்கே மலைப்பகுதியில் உள்ள ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க்குக்கு மாற்றினார்கள். சுமார் 4 ஏக்கர் புல்வெளி, குளம், பனிக்காலத்தில் உண்மையான பனி. அங்கே கிடைத்தது ஒன்றரை ஆண்டுதான். 2011-ல், 30 வயதில் இறந்தது.

அதே பூங்காவுக்குப் பிறகு விக்டோரியா என்ற கரடி வந்தது. காட்டில் தாய்க்கரடி இலையுதிர்காலத்தில் பனிக்குழிக்குள் புகுந்தால், வசந்தம் வரும்வரை வெளியே வராது. முக்கால் கிலோகூட இல்லாத குட்டியை இருட்டில், சத்தமில்லாத இடத்தில், எதுவும் சாப்பிடாமல் வளர்க்கும். யாராவது தொந்தரவு செய்தால் கூண்டுக்கரடி குட்டியைக் கைவிடக்கூடும், கொன்றும்விடும். இதைத் தெரிந்துவைத்திருந்த பராமரிப்பாளர்கள் விக்டோரியாவின் பக்கம் யாரையும் விடவில்லை, தாங்களும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஆண் கரடிகளை வேறு இடத்தில் வைத்தார்கள். 2017 டிசம்பரில் குகைக்குள்ளிருந்து கீச்சென்ற சத்தம் கேட்டது. பிரிட்டனில் 25 ஆண்டுகளாகக் கேட்காத சத்தம். குட்டி ஒன்றா இரண்டா, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. 2018 மார்ச்சில் தாயின் பின்னால் ஹாமிஷ் என்ற குட்டி வெளியே வரும்வரை அவர்கள் அந்தச் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.