தண்டுவட மயக்க ஊசியின் வடிவமைப்பும் பாதுகாப்பும்

தண்டுவட மயக்க ஊசி என்பது, உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்யும் மருந்தை முதுகின் வழியே செலுத்தப் பயன்படும் நீண்ட, மெல்லிய ஊசி ஆகும். சிசேரியன், குடலிறக்கம், கால் எலும்பு முறிவு போன்றவற்றுக்கான அறுவை சிகிச்சைகளில் இது பயன்படுகிறது. நோயாளி விழித்திருப்பார், வலி மட்டும் தெரியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பிறப்புகளில் 44.9 விழுக்காடு சிசேரியன் மூலம் நிகழ்ந்தவை. இந்திய அளவில் இது 21.5 விழுக்காடு. சிசேரியனுக்குப் பெரும்பாலும் இம்முறையே கையாளப்படுவதால், ஊசி முனையின் வடிவம் ஏராளமான தாய்மாரின் நலனோடு தொடர்புடையது.

ஊசி செல்லும் வழி

பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தப்படும். டியூரா எனும் உறையைத் துளைத்ததும் மூளைத் தண்டுவட நீர் துளித்துளியாக வெளிவரும். ஊசி சரியான இடத்தை அடைந்ததற்கு இதுவே அடையாளம்.

தலைவலி ஏற்படும் காரணம்

ஊசியை எடுத்த பிறகும் டியூராவில் உள்ள துளை வழியே நீர் கசியலாம். உடலில் இந்நீரின் மொத்த அளவே ஏறத்தாழ 150 மி.லி. தான். கசிவினால் அழுத்தம் குறையும்போது, எழுந்து உட்கார்ந்தால் கடுமையான தலைவலி வரும், படுத்தால் தணியும். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் இது தொடங்கும். இளவயதினருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இந்த வாய்ப்பு அதிகம். கைக்குழந்தைக்கு உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு இது பெருந்துன்பம்.

வரலாறு

1898 ஆம் ஆண்டு செருமனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் மருத்துவர் இம்முறையை முதன்முதலில் அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். பின்னர் அவர் தம் உடலிலேயே சோதிக்க முனைந்தபோது சிரிஞ்சு ஊசியோடு சரியாகப் பொருந்தவில்லை. நிறைய நீர் வெளியேறியது. அடுத்த சில நாட்கள் அவர் தலைவலியால் அவதிப்பட்டார். நீரிழப்பே காரணம் என்று அவர் கருதியது பிற்காலத்தில் உறுதியானது.

இருவகை முனைகள்

குயின்கே ஊசியின் முனை சாய்வாகச் சீவப்பட்டுக் கூராக இருக்கும். துளை முனையிலேயே அமைந்திருக்கும். இது டியூராவை வெட்டிக்கொண்டு நுழைகிறது. 1951 இல் அறிமுகமான விட்டேக்கர் ஊசியும் 1987 இல் வந்த இசுப்ரோட்டே ஊசியும் பென்சில் முனை கொண்டவை; துளை பக்கவாட்டில் இருக்கும். இவை இழைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழைவதால் கசிவு குறைகிறது.

2018 இல் 'லான்செட்' இதழில் வெளியான தொகுப்பாய்வு, 31,412 பேர் பங்கேற்ற 110 ஆய்வுகளை ஒப்பிட்டது. வெட்டுமுனை ஊசிகளால் 11 விழுக்காட்டினருக்கும், பென்சில் முனை போன்ற வெட்டாத ஊசிகளால் 4.2 விழுக்காட்டினருக்கும் தலைவலி ஏற்பட்டதாக அது கண்டறிந்தது.

தடிமன்

ஊசியின் தடிமன் 'கேஜ்' எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக்கூட ஊசி மெலியும். 22 கேஜ் ஏறத்தாழ 0.7 மி.மீ., 25 கேஜ் 0.5 மி.மீ., 27 கேஜ் 0.4 மி.மீ. விட்டமுடையவை. மெல்லிய ஊசி சிறு துளையே இடும். ஆனால் மிக மெலிந்தால் வளையும். நீர் வெளிவரத் தாமதமாகும். மருந்து சரியான இடத்தில் சேராமலும் போகலாம். ஆகவே 25 முதல் 27 வரையுள்ள கேஜ் ஊசிகள் பரவலாகப் பயன்படுகின்றன.

வடிவமைப்பின் வரம்புகள்

பென்சில் முனை ஊசியும் முற்றிலும் ஆபத்தற்றதன்று. துளை பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இருப்பதால், நீர் வருவதற்கு ஊசியைச் சிறிது கூடுதலாகச் செலுத்த வேண்டும். தவறுதலாக மேல்மட்டத்தில் குத்தினால் தண்டுவடமே காயமடையலாம். இவ்வகை ஊசி குயின்கே ஊசியைவிட விலை கூடியது என்பதும் ஒரு தடை. குயின்கே ஊசியையே பயன்படுத்த நேர்ந்தால், அதன் சாய்வு முனையை முதுகின் நீளவாட்டுக்கு இணையாக வைத்துச் செலுத்துவது தலைவலியைக் குறைக்கும்.

மக்களிடையே நிலவும் நம்பிக்கைகள்

"முதுகில் போட்ட ஊசியால்தான் காலமெல்லாம் முதுகுவலி" என்று பலர் நம்புகின்றனர். குத்திய இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். நீண்டகால முதுகுவலிக்கு இவ்வூசியே காரணம் என ஆய்வுகள் நிறுவவில்லை. தலையணையின்றி நெடுநேரம் படுத்திருப்பதும் தலைவலியைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை.

உட்கார்ந்தால் கூடும் தலைவலி இருந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கடுமையான நிலையில், நோயாளியின் இரத்தத்தையே எடுத்து டியூராவுக்கு வெளியே செலுத்திக் கசிவை அடைக்கும் சிகிச்சை உண்டு. காய்ச்சல், கழுத்து விறைப்பு, இரட்டைப் பார்வை, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.